‘பாரம்பரியம்’ இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்

தமிழ்ப் பாட்டுகளை வெளியிடும் ஆடியோ கம்பெனிகளின் முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும், அந்த அலுவலகங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிற பிள்ளைகளுக்கும், வணக்கம்.

போன ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். சவுண்ட் சர்வீஸ் தம்பி கேசட்டும் கொண்டுவரவில்லை, பென் டிரைவும் கொண்டுவரவில்லை. செல்போனை ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டுப் பந்தல் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். மூன்றாவதோ நான்காவதோ என் பாட்டு வந்தது. 1999-ல், எட்டுப் பாட்டு கொண்ட ஓர் அம்மன் கேசட்டுக்காக எழுதியது. பக்கத்து வீட்டம்மா அவனிடம், “இது நம்ம ஐயா எழுதின பாட்டுதான், தெரியுமா?” என்று பெருமையாகச் சொன்னார். அவன் நம்பவில்லை. போனை எடுத்து ஏதோ தொட்டுப் பார்த்தான். “இல்லியே பெரியப்பா, வேற யாரோ எழுதினதா போட்டிருக்கு” என்று திரையை என் பக்கம் திருப்பினான். பாடியவர் பெயர் இருந்தது. இசையமைத்தவர் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் ‘டிரெடிஷனல்’ என்று இருந்தது.

அதாவது பாரம்பரியம். ஊரில் வழிவழியாகப் பாடிவருவது, இன்னார் எழுதியது என்று சொல்ல ஆளில்லாதது.

அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் பக்தர்கள் மினி பஸ் பிடித்துக் கோயிலுக்கு வருகிறார்கள். மெட்டு ‘தான தந்தன’ என்று போனதால் அந்த இடத்தில் எனக்கு மினி பஸ்தான் உட்கார்ந்தது. மினி பஸ் ஓடிய பாரம்பரியம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று, பாட்டை ஏற்றிய பிள்ளை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் நூறு பாட்டு ஏற்றச் சொல்லியிருப்பார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது போலிருக்கிறது.

இதைச் சொல்ல அந்தக் கம்பெனிக்கே நேரில் போனேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனியின் கதை அல்ல. மரியாதையாக உட்காரவைத்தார்கள், காபி கொடுத்தார்கள். “சார், சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு” என்றார்கள். மாற்ற முடியுமா என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அதனால்தான் இப்போது எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

பெயர் போய்விட்டதே என்ற வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மடல் காசைப் பற்றியது. கம்ப்யூட்டரில் என் பெயர் இருக்கும் இடம்தான் என் காசு வந்து சேரும் விலாசம். உங்களுக்கு அது தெரியும். எழுதுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று ஒலிப்பதிவு. ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், பாடகர் சம்பளம் எல்லாம் கொடுத்து உருவாக்கியது. அது உங்களுடையது, அதில் எனக்குப் பேச்சே இல்லை. இன்னொன்று அந்தப் பதிவுக்குள் இருக்கும் மெட்டும் வரிகளும். நாளைக்கு வேறொருவர் வேறு குரலில் பதிவு செய்தாலும் இந்த இரண்டாவது சொத்து மாறாது. கேசட் விற்றபோதும் இரண்டும் சேர்ந்துதான் விற்றன. டவுன்லோடிலும் சேர்ந்துதான் விற்கின்றன. முதல் சொத்துக்கான பணம் தவறாமல் உங்களிடம் வந்துவிடுகிறது. பாட்டை ஏற்றும்போது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு கொண்ட அடையாளத்தைக் கவனமாகப் போடுகிறீர்கள். அதில் ஓர் எழுத்து தவறினால் உங்கள் காசு வேறெங்கோ போய்விடும் என்று தெரியும். இரண்டாவது சொத்துக்கும் அதுபோல ஓர் எண் உண்டு, ஐ.எஸ்.டபிள்யூ.சி. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஐ.பி.ஐ. என்று தனி எண் உண்டு. எனக்கும் இருக்கிறது. அதை இதுவரை எந்தக் கம்பெனியும் என்னிடம் கேட்டதில்லை.

சரி, ஒரு டவுன்லோடுக்கு எழுதியவருக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் இதற்குச் சட்டப்படி ஒரு விலை இருக்கிறது. அந்தக் கதை சுவாரசியமானது. தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகிதச் சுருள்கள் விற்றுக் குவிந்த காலத்தில், 1909-ல், ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தார்கள். சுருள் போய் இசைத்தட்டு வந்தது, கேசட் வந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டு அந்த 2 சென்ட் அசையவே இல்லை. (நம் ஊரில் நாடகக் கவிஞனுக்குக் கொடுத்த தொகை அசையாததைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.) பிறகு மெல்ல ஏறி, 2006-ல் 9.1 சென்ட் ஆனது. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு என்றால் ஒவ்வொரு சி.டி. பிரதிக்கும் அவ்வளவு. டவுன்லோடு தனி வகை, புதுத் தொழில், குறைத்துக்கொள்ளுங்கள் என்று விற்பனைக்காரர்கள் தரப்பில் வாதாடிப் பார்த்தார்கள். 2008-ல் அங்குள்ள ராயல்டி வாரியம் டவுன்லோடுக்கும் அதே 9.1 சென்ட்தான் என்று முடிவு செய்தது. 2022 வரை அது நின்றது. 2023-ல் 12 சென்ட் ஆக்கி, அதற்குப் பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி செய்துவிட்டார்கள். கடைக்காரர் பாட்டை விற்று இசைக் கம்பெனிக்குப் பணம் அனுப்புவார். கம்பெனி அதிலிருந்து இந்தச் சென்ட்டுகளை எடுத்துப் பாட்டின் பதிப்பாளருக்கு, அதாவது மெட்டு, வரிகளின் உரிமையைக் கவனிக்கிறவருக்கு, கொடுக்கும். பதிப்பாளர் தன் பங்கை எடுத்துக்கொண்டு எழுதியவருக்கு அனுப்புவார். நான்கு கை மாறினாலும், முதலில் புறப்பட்ட தொகை எவ்வளவு என்று எழுதியவருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். 2012 டிசம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை இந்தியாவில் திறந்தபோது பாட்டு 12 ரூபாய்க்கும் 15 ரூபாய்க்கும் விற்றது. அமெரிக்காவில் 99 சென்ட் பாட்டுக்கு 9.1 சென்ட் என்றால், 12 ரூபாய் பாட்டுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. அதில் பாதி பதிப்பாளருக்கு. மீதிப் பாதியை இசையமைப்பாளரும் நானும் பிரித்துக்கொண்டால் என் பங்கு 27 காசு. இந்த 27 காசுக்குத்தான் இத்தனை பெரிய கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் பாட்டுக்கு அந்த 27 காசும் வரவில்லை. எத்தனை தடவை வரவில்லை என்றும் எனக்குத் தெரியாது.

எங்கள் தரப்புத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கேசட் காலத்தில் பாட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. அன்று மாலைக்குள் வீட்டு வாடகை கொடுத்தாக வேண்டும். படித்திருந்தாலும் புரிந்திருக்காது. சங்கத்தில் சேர்ந்து பாட்டுகளைப் பதிவு செய் என்று நண்பர் ஒருவர் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பணம் வசூலித்துத் தருகிற அந்தச் சங்கம், 1969 முதல் இருக்கிற ஐ.பி.ஆர்.எஸ். அதில் நான் சேர்ந்தது வெகு தாமதமாகத்தான். சேர்ந்த பிறகு, என் பெயரோடு சரியாகப் பதிவான சினிமாப் பாட்டுகள் நாலைந்துக்குப் பணம் வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் வருகிறது. பெயர் இருக்கும் இடத்தில் பணம் வருவதையும், பெயர் இல்லாத இடத்தில் வராததையும் ஒரே பாஸ்புக்கில் பார்க்கிறேன்.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். “மொத்தமாக வாங்கிவிட்டோம்” என்பீர்கள். சினிமாப் பாட்டு என்றால், தயாரிப்பாளருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து ஆடியோ ரைட்ஸ் வாங்கியிருப்பீர்கள். பத்துப் படம் வாங்கினால் இரண்டு படத்தின் பாட்டு ஓடும், அந்த இரண்டும் மற்ற எட்டின் நஷ்டத்தைச் சுமக்கும். இதை நான் பொய் என்று சொல்லவில்லை. 1977-ல் உச்ச நீதிமன்றமும் உங்கள் பக்கம்தான் பேசியது. தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதவைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சினிமாப் பாட்டின் முதல் உரிமையாளர் அவரே என்றது.

ஆனால் அதற்குப் பிறகு 2012 வந்தது. மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் போராடிப் பேசி வாங்கிய பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், அந்த வருடம் ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்தது. 18-ஆம் பிரிவில் சேர்த்ததை என் மொழியில் சொல்கிறேன். தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர, வேறு எந்த வடிவில் பாட்டைப் பயன்படுத்தினாலும் வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சரிபாதி அடிப்படையில் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. சினிமாவில் வராத தனிப்பாட்டுக்கும் இதே பாதுகாப்பை அடுத்த வரியிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ‘மொத்தமாக’ என்ற சொல்லுக்கு இப்போது பழைய பொருள் இல்லை.

அது 2012-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்துக்குத்தான், உன் வவுச்சர் 1999-ஆம் வருடத்தது என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். சரி, 1999-ல் இருந்த சட்டத்தையே பார்ப்போம். 1995 மே முதல் 19-ஆம் பிரிவில் இரண்டு சின்ன வரிகள் இருக்கின்றன. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாமல் உரிமையை எழுதி வாங்கினால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நான் உங்கள் சம்பளக்காரன் அல்ல. பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொடுத்தவன். அந்த வவுச்சரில் எத்தனை ஆண்டு, எந்த நாடு, எந்த ஊடகம் என்று எழுதியிருந்ததா? எனக்கு நினைவில்லை. என்னிடம் பிரதியும் இல்லை. உங்களிடம் இருக்கும். எடுத்துக் காட்டுங்கள். எல்லாம் விவரமாக எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போகிறேன். ‘பாடல் எழுதியதற்காக ரூபாய் ஆயிரம் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் இருந்தால், 2004-க்குப் பிறகு அந்தப் பாட்டை எந்த உரிமையில் விற்கிறீர்கள் என்று யோசியுங்கள். மலேசியாவில் யாரோ டவுன்லோடு செய்கிறார்களே, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாட்டைப் பதிவு செய்கிற உரிமை எழுதியவன் வீட்டை விட்டு வெகுதூரம் போய்விடுவது நமக்குப் புதிதல்ல. பாரதிக்கே நேர்ந்தது. அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும், அவர் பாட்டை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பன் கையில் இருந்தது. பிரச்சினை கிளம்பியபோது அவர் அதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார், 1949-ல் பாரதி பாடல் நாட்டுடைமை ஆனது. ஆனால் அந்தச் சண்டை நடந்த காலம் முழுக்க, அது பாரதி பாட்டு இல்லை, பாரம்பரியம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மட்டில் அவர் கொடுத்துவைத்தவர்.

அடுத்து டவுன்லோடு என்றால் என்ன என்ற கேள்வி. இதில் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே எனக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார்கள். டிப்ஸ் என்ற பாட்டுக் கம்பெனிக்கும் ஏர்டெல்லின் விங்க் என்ற பாட்டு ஆப்புக்கும் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ரேடியோக்காரர்களுக்குச் சட்டமே கொடுத்திருக்கும் உரிமம் எங்களுக்கும் உண்டு, கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் அதன்படி பணம் கட்டிவிட்டு நடத்துவோம் என்றது விங்க். இல்லை, டவுன்லோடு ஒலிபரப்பு அல்ல, அது பிரதியை விற்பது, அதற்கு எங்கள் அனுமதி வேண்டும் என்றது டிப்ஸ். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் டிப்ஸ் சொன்னதை ஏற்றது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. உங்கள் எல்லாருக்கும் அது வெற்றி. எனக்கும் சந்தோஷம்தான், ஏனென்றால் நான் கேட்பதும் அதுவே. டவுன்லோடு என்பது பிரதி விற்பனை. ஒரு பிரதி விற்றால் கல்லாவில் ஒரு கணக்கு இருக்கும். ஆப்பிடம் வாங்கும்போது விற்பனையாக இருந்தது, எனக்குப் பங்கு கொடுக்கும்போது மட்டும் ‘சிஸ்டத்தில் இல்லாதது’ ஆகிவிடக் கூடாது.

ஆள் பேர் தெரியாமல் பணம் தேங்கிக் கிடப்பது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சென்ட் கணக்கில் விலை நிர்ணயித்து வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே, 2018-ல் புதுச் சட்டம் போட்டு, ஆப்கள் வாங்கும் உரிமத்தை ஒரே இடத்தில் கவனிக்க ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். அது 2021-ல் வேலையைத் தொடங்கிய கையோடு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஆப்கள் வைத்திருந்த பழைய பாக்கியை அனுப்பச் சொன்னது. வந்தது 42 கோடி டாலருக்கும் மேல். யாரும் திருடி ஒளித்துவைத்ததல்ல. பாட்டு ஓடியது, காசு ஒதுக்கினார்கள், எழுதியவர் யார் என்ற கட்டத்தில் சரியான பெயர் இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் அப்படித் தேங்கியது எவ்வளவு என்று யாராவது எண்ணிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

டவுன்லோடே செத்துவிட்டது, இப்போது அதைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். காசு கொடுத்து டவுன்லோடு வாங்குவது இந்தியாவில் சரியாகப் பிறக்கவே இல்லை, உண்மைதான். ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்று எம்பி3 கடை திறந்து அடுத்த வருடமே மூடியது. பாட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்க யார் கிரெடிட் கார்டை எடுப்பார்கள்? அந்தக் காலத்தில் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் முப்பது ரூபாய்க்கு ஐந்நூறு பாட்டு ஏற்றித் தந்தார்கள். என் பாட்டையே நான் அப்படித்தான் வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். அதில் உங்களுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை, நாம் ஒரே படகில் இருந்தோம். அதே காலத்தில் காலர் ட்யூனும் இருந்தது. அதில் உங்களுக்கு வந்தது. இப்போது ஆப் வந்துவிட்டது. சந்தா கட்டியவர் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால் பாட்டு போனுக்குள் இறங்கிவிடுகிறது. நெட் இல்லாத மலைக்கோயிலிலும் பாடும். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். இதைப் பிரதி என்பதா, வாடகை என்பதா என்று சட்டம் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். ‘எந்த வடிவில் பயன்படுத்தினாலும்’ என்ற சொல் அதையும் பிடிக்கும். எங்கள் தெருவில் அன்று ஓடியதும் அப்படி இறக்கிவைத்த பாட்டுதான்.

நான் கேட்பது ரொம்பப் பெரியது இல்லை.

பாட்டை ஏற்றும் பிள்ளைகளிடம், எழுதியவர் பெயர் தெரியாவிட்டால் ‘டிரெடிஷனல்’ என்று போடாதே, பழைய கேசட்டின் இன்லே கார்டைப் பார் என்று சொல்லுங்கள். உங்கள் குடோனில் நிச்சயம் ஒரு பிரதி இருக்கும். அந்தச் சின்ன அட்டையில், ஊதுபத்தி விளம்பரத்துக்குப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் எங்கள் பெயர் இருக்கிறது. 40 ரூபாய் கேசட்டில் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. உலகம் முழுக்கப் போகிற ஆப்பில் அதற்கு இடமில்லை என்றால் எப்படி? பெயரோடு ஐ.பி.ஐ. எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பெயர் மட்டும் போதாது. என் பெயரில் இன்னும் இரண்டு பாடலாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய பணம் ஒரு தடவை எனக்கு வந்து நான் திருப்பிக்கொடுத்த கதை தனியாக இருக்கிறது.

பக்திப் பாட்டுகளை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டு என்றால் ரசிகர்கள் சண்டை போட்டாவது பெயரைத் திருத்திவிடுவார்கள். அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு, மாதா பாட்டு, நாகூர் பாட்டு எழுதியவர்களுக்கு ரசிகர் மன்றம் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுக்கு உண்டு. அந்த வீடுகளில் பெரும்பாலும் வாரிசுக்கே இது தெரியாது.

அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கணக்குத் தாள். எந்தப் பாட்டு, எந்த ஆப்பில், எத்தனை தடவை, எவ்வளவு வந்தது, அதில் என் பங்கு எவ்வளவு, யார் வழியாக அனுப்பினீர்கள். தொகை மூன்று ரூபாயாக இருந்தால் மூன்று ரூபாய் என்றே எழுதி அனுப்புங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வவுச்சரைத் தேடி எடுக்க ஒரு வாரம் போதும், கம்ப்யூட்டரில் கட்டத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும் என்று அந்த அலுவலகப் பிள்ளையே என்னிடம் சொன்னார். அடுத்த ஆடிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சவுண்ட் சர்வீஸ் தம்பியிடம் மறுபடியும் போனை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
‘டிரெடிஷனல்’,
சாலிகிராமம், சென்னை.